மிடோ தேவாலயத்தில் கற்ற குத்து

மிடோ ஒரு துறைமுக ஊர். 1987 ஜனவரியில் ஜப்பானில் வெளிவந்த ‘ஜெல்டா 2: தி அட்வென்ச்சர் ஆஃப் லிங்க்’ வீடியோ கேமில் வருகிறது. ஊருக்குள் ஒரு தேவாலயம். அதன் உச்சியில் ஒரு வாசல் தெரியும்; ஏறிப்போக ஏணி கிடையாது. இங்கே வருவதற்கு முன்பே ரூட்டோ என்ற இன்னோர் ஊரில், களவுபோன சிலை ஒன்றை மீட்டுக் கொடுத்து, உயரத் தாவும் மந்திரத்தைக் கற்றிருக்க வேண்டும். அந்த மந்திரத்தைப் போட்டுத் தாவி உள்ளே நுழைந்தால் வாள்வீரர் ஒருவர் காத்திருப்பார். அவர் கற்றுத்தருவது ஒரே ஒரு வித்தை. அந்தரத்தில் இருக்கும்போது கீழ்ப் பட்டனை அழுத்திப் பிடித்தால் நாயகன் லிங்க்கின் வாள் காலடியில் செங்குத்தாக நீளும். எந்த எதிரியின் மேல் விழுகிறானோ அதைக் குத்தும். குத்திய வேகத்திலேயே அவன் மறுபடி மேலே எழும்புவான்.

இந்தக் கீழ்க்குத்துக்கு இப்போது வயது நாற்பதை நெருங்குகிறது. அண்மையில் ‘ஷவல் நைட்’டை இன்னொரு முறை ஆடி முடித்த கையோடு ‘ஹாலோ நைட்: சில்க்சாங்’கையும் முடித்தேன். இரண்டையும் அடுத்தடுத்து ஆடியபோது, இரண்டுக்கும் அடியில் ஓடுவது அதே வித்தைதான் என்று கட்டைவிரலுக்கே தெரிந்தது. பழைய கேம்களின் பாதிப்பில் பிறந்த புதிய கேம்கள் இன்று ஏராளம். அவற்றில் பெரும்பாலானவை கட்டம் கட்டமான பிக்சல் ஓவியத்தையும் பீப் பீப் இசையையும் எடுத்துக்கொண்டு அதோடு திருப்தி அடைந்துவிடுகின்றன. எனக்கு அவற்றில் மனம் ஒட்டுவதில்லை. ஒரு பழைய கேமிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அது நம் கையிடம் கேட்ட காரியத்தை. அப்படி எடுக்கப்பட்ட ஒரு காரியம் கைமாறிக் கைமாறி என்னவெல்லாம் ஆனது என்பதற்குக் கீழ்க்குத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

எதிரியின் தலையில் குதிப்பது 1985-இலேயே மரியோ செய்த வேலை ஆயிற்றே என்று கேட்கலாம். மரியோ குதிப்பது காலால். அதனால்தான் முதுகில் முள் முளைத்த ஸ்பைனி ஆமையின் மேல் அவன் குதித்தால் அடி அவனுக்கு. லிங்க் விழும்போது அவனுக்கு முன்னால் ஆயுதம் விழுகிறது. இன்னொன்று, மரியோவுக்கு அந்தக் குதி பிறவியிலேயே வாய்த்தது. முதல் நொடியிலிருந்தே செய்வான். லிங்க்குக்கு அது பாதி வழியில் கிடைக்கும் வித்தை. அது கைக்கு வரும்வரை ஆடுபவர் படும் பாடு கொஞ்சமல்ல. வாள் மிகக் குட்டை, எதிரியின் மூச்சுக்காற்று படும் தூரத்துக்குப் போனால்தான் படும். இரும்புக் கவசம் பூண்ட வீரர்கள் கேடயத்தை மேலும் கீழும் மாற்றி மாற்றிப் பிடித்து மறிப்பார்கள். உயிரெல்லாம் தீர்ந்தால், தொடங்கிய வடக்குக் கோட்டைக்கே திரும்பிப் போய் அங்கிருந்து நடக்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு தரையில் ஊரும் ஜந்துக்களின் மேல் வாளை நட்டு நட்டு எழும்பிப் போகும்போது, அதுவரை நம்மை மிரட்டிய தரையே நமக்கு உதவியாக மாறியதுபோல் இருக்கும்.

ஆனாலும் ‘ஜெல்டா 2’ தன் குடும்பத்திலேயே ஒட்டாத பிள்ளையாகத்தான் நின்றது. 1991-இல் வந்த அடுத்த ஜெல்டா, மேலிருந்து பார்க்கும் பழைய கோணத்துக்கே திரும்பிவிட்டது. பக்கவாட்டில் பார்த்தால்தான் கீழ்க்குத்துக்குப் பொருள். எனவே அதற்கு அங்கே இடமில்லாமல் போனது. பிற்பாடு 1999-இல் ‘சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ்’ சண்டை கேமில் லிங்க்கின் அடிகளில் ஒன்றாகவும், 2004-இல் ‘மினிஷ் கேப்’பில் ஒரு வாள்வித்தையாகவும், ஜெல்டாவை உருவாக்கிய நின்டெண்டோ அதை நினைவுகூர்ந்தது. ஆனால் அதன் உண்மையான வாழ்க்கை பிறந்த வீட்டுக்கு வெளியேதான் நடந்தது.

1989-இல் காப்காம் நிறுவனம் டிஸ்னியின் ‘டக் டேல்ஸ்’ கார்ட்டூனை நின்டெண்டோவின் என்.ஈ.எஸ். கருவிக்கான கேமாக வெளியிட்டது. நம்மூரில் தொண்ணூறுகளில் வளர்ந்தவர்களுக்கு ஸ்க்ரூஜ் மெக்டக்கைத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் தூர்தர்ஷனில் இந்தி பேசிக்கொண்டு வந்த அந்தப் பணக்கார வாத்து. கேமில் அவர் கையில் வாள் கிடையாது, ஊன்றுகோல்தான். தாவிய பின் கீழ்ப் பட்டனையும் ‘பி’ பட்டனையும் சேர்த்து அழுத்தினால், கைத்தடியைக் காலுக்கடியில் செங்குத்தாக வைத்து, அதன்மேல் ஏறி நின்று துள்ள ஆரம்பிப்பார். விடாமல் துள்ளலாம். எதிரியின் மேல் மட்டுமல்ல, வெறும் தரையிலும் துள்ளலாம். சாதாரணத் தாவலைவிட உயரமும் கிடைக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒரு மாற்றம் இங்கேதான் நடந்தது. கால் வைத்தால் அடிபடும் முட்களின் மேலும் ஸ்க்ரூஜ் துள்ளலாம். தடியின் நுனிதானே தொடுகிறது! லிங்க்கின் குத்து பெரும்பாலும் எதிரிகளை வீழ்த்தும் வழியாக இருந்தது. ஸ்க்ரூஜின் கையில் அது ஊரைக் கடக்கும் வழியாகிவிட்டது. வரைபடத்தில் போகக் கூடாத இடம் என்று எழுதியிருந்ததெல்லாம் பாதையானது.

இதைச் செய்தவர்கள் அந்தத் துள்ளலுக்கு ஒரு கடிவாளமும் போட்டார்கள். இமயமலைக் கட்டத்தில் பனி மூடிய தரையில் துள்ளப் பார்த்தால், தடி பனிக்குள் புதைந்து ஸ்க்ரூஜ் அப்படியே சிக்கிக்கொள்வார். அமேசானிலும் சுரங்கத்திலும் கட்டைவிரலுக்குப் பழகிப்போன பழக்கத்தை ஒரே ஒரு கட்டத்தில் பறித்துக்கொண்டு, எங்கே துள்ளலாம் எங்கே கூடாது என்று கீழே பார்க்க வைக்கிறார்கள். வித்தையைக் கொடுப்பதோடு நிறுத்தாமல், அதை அவ்வப்போது பிடுங்கியும் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும் என்று அறிந்தவர்கள் செய்த வேலை அது. தயாரிப்பாளர் டோகுரோ ஃபுஜிவாரா, ஓவியர் கெய்ஜி இனாஃபுனே என்று ‘மெகா மேன்’ கேம்களோடு தொடர்புடையவர்கள் பலர் இதில் உழைத்தார்கள். ஹிரோஷிகே டொனோமுரா நிலவுக் கட்டத்துக்கு அமைத்த இசை, கேமையே ஆடாதவர்களும் தேடிக் கேட்கும் அளவுக்குப் புகழ் பெற்றது.

தமிழ்நாட்டில் அந்தக் காலத்து டிவி கேம்களில் கேசட் செருகி ஆடியவர்களுக்கு மரியோவும் கான்ட்ராவும் அத்துப்படி. நான் பார்த்த கேசட்டுகளில் ‘ஜெல்டா 2’ இருந்ததில்லை. அசல் கேசட்டில் ஆட்டத்தைச் சேமித்து வைக்கத் தனியாக ஒரு பேட்டரி இருந்தது. நூறு கேமைச் சேர்த்து அடைத்த மலிவு கேசட்டில் அதற்கு வழியில்லை. ஆகவே என்னைப் போன்றவர்களுக்குக் கீழ்க்குத்து அதன் வாரிசுகள் வழியாகத்தான் வந்து சேர்ந்தது. வாரிசுகளை முதலில் பார்த்துவிட்டு மூதாதையைத் தேடிப் போவது ஒரு தனி இன்பம்.

அந்த வாரிசுகளில் ஒன்று கலிஃபோர்னியாவில் பிறந்தது. அங்கே வேஃபார்வர்ட் என்ற கேம் நிறுவனத்தில் பணியாற்றிய சில நண்பர்கள் மதிய உணவு வேளையில் ‘ஜெல்டா 2’வின் கீழ்க்குத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரே அசைவை வைத்து முழு கேமும் செய்தால் எப்படி இருக்கும்? குத்துவதோடு, எதிரியைப் புரட்டிப் போடவும் முடிந்தால்? குத்தவும் புரட்டவும் தோண்டவும் ஒரே ஆயுதம் எது? மண் அள்ளும் ஷவல்! அவர்களில் ஷான் வெலாஸ்கோவும் இன்னும் சிலரும் வெளியேறி யாட் கிளப் கேம்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, 2013 மார்ச்சில் கிக்ஸ்டார்ட்டரில் மக்களிடம் 75,000 டாலர் கேட்டார்கள். மூன்று லட்சம் டாலருக்கு மேல் வந்தது. அதே மாதத்தில்தான் அவர்களுடைய பழைய நிறுவனமான வேஃபார்வர்ட் ‘டக் டேல்ஸ் ரீமாஸ்டர்ட்’ வரப்போவதாக அறிவித்தது. ஒரே வித்தையின் இரு கிளைகள் ஒரே வேளையில் தளிர்த்தன. இரண்டுக்கும் முதன்மை இசையமைப்பாளரும் ஒருவரே, ஜேக் காஃப்மன்.

2014 ஜூனில் வெளிவந்த ‘ஷவல் நைட்’ பார்வைக்கு என்.ஈ.எஸ். கேம் மாதிரியே இருக்கும். உண்மையில் அந்தக் கருவியில் அது ஓடாது. திரை அகலமானது, வண்ணங்கள் சில கூடுதல், ஒரே வரிசையில் பல உருவங்கள் வந்தால் பழைய கருவியில் ஏற்படும் மினுக்கல் இல்லை. பழமையின் தொல்லைகளை உதறிவிட்டு ருசியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். இதில் கீழ்க்குத்துக்குப் பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டியதில்லை. ஒரு முறை கீழே தட்டினால் போதும், வீரன் ஷவலின் மேல் நின்றபடியே விழுவான். முதல் கட்டத்திலேயே மண்கட்டிகள் வழியை அடைத்திருக்கும், வண்டு ஊர்ந்து வரும், பெரிய டிராகன் ஒன்று குமிழி ஊதும். இப்படிச் செய் என்று திரையில் ஒரு வரி எழுதிக் காட்டாமலேயே, குமிழி மேல் குமிழியாகத் துள்ளி டிராகனின் தலைக்குப் போய்விடுகிறோம்.

அந்தக் கட்டத்தின் முடிவில் கறுப்பு வீரன் வருவான். அவன் கையிலும் ஷவல். நம் தலைமேல் அவனும் அதே குத்தோடு விழுவான். நாம் இவ்வளவு நேரம் வண்டுகளுக்குச் செய்தது எப்படி இருக்கும் என்று அடியிலிருந்து பார்க்கக் கிடைக்கும் வாய்ப்பு அது.

இந்த முறை ஆடியபோது என்னை அதிகம் தொட்டது இன்னோர் இடம். சில கட்டங்கள் முடிந்ததும் வீரன் தீமூட்டிப் படுத்து உறங்குவான். அவன் இழந்துவிட்ட தோழி ஷீல்டு நைட் கனவில் வானத்திலிருந்து விழுந்துகொண்டிருப்பாள். கூட்டமாக வரும் எதிரிகளை விலக்கிவிட்டு, அவள் விழும் இடத்துக்கு ஓடிப்போய்க் கையில் ஏந்த வேண்டும். கேம் முழுக்க நாம் பிறர்மேல் விழுந்துகொண்டே இருக்கிறோம். கனவில் மட்டும் விழுபவளுக்கு அடியில் போய் நிற்கிறோம். கடைசிச் சண்டையில் இது வேறு விதமாகத் திரும்பி வருகிறது. ஷீல்டு நைட் தன் கேடயத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்க, அதன்மேல் குத்தி எழும்பித்தான் உயரத்தில் இருக்கும் எதிரியை எட்ட முடியும். 1987-இலிருந்து எதிரியையும் முள்ளையும் குத்தி எழும்பிய வித்தை, முதன்முறையாக நேசிக்கும் ஒருத்தி தாங்கிப் பிடிக்க எழும்புகிறது. இதற்காக ஒரு சொல் வசனமும் எழுதப்படவில்லை. பழைய கேமிலிருந்து ஓர் அசைவை எடுத்து அதன்வழியே கதை சொல்வது என்றால் எனக்கு இதுதான் அளவுகோல்.

2018-இல் வந்த ‘தி மெசஞ்சர்’ இதற்கு ஒன்றுவிட்ட உறவு. நிஞ்சா ஒருவன் அந்தரத்தில் எதை வெட்டினாலும் இன்னொரு தாவல் கிடைக்கும். கைக்கு இனிமையான கேம். ஆனால் வெட்டு எந்தத் திசையில் இருந்தாலும் பரவாயில்லை என்பதால், ஆபத்தின்மேல் நேராக விழும் துணிச்சல் அதற்குத் தேவைப்படுவதில்லை.

அந்தத் துணிச்சலைத் திரும்பக் கேட்டது ஆஸ்திரேலியாவின் அடிலெய்டிலிருந்து வந்த ‘ஹாலோ நைட்’. டீம் செர்ரி என்ற பெயரில் ஆரி கிப்சனும் வில்லியம் பெல்லனும் 2014 இறுதியில் கிக்ஸ்டார்ட்டரில் 35,000 ஆஸ்திரேலிய டாலர் கேட்டு, 57,000-க்கு மேல் பெற்று, 2017 பிப்ரவரியில் வெளியிட்டார்கள். பூச்சிகளின் அழிந்த ராஜ்யம் ஒன்றில் நடக்கும் கதை. வாள் இங்கே ஆணி ஆகிவிட்டது. நாயகன் அத்தனை சிறிய ஜீவன்.

இங்கே வித்தையின் இயல்பே மாறுகிறது. லிங்க்குக்கும் ஸ்க்ரூஜுக்கும் ஷவல் வீரனுக்கும் கீழ்க்குத்து ஒரு நிலை. ஆயுதத்தைக் கீழே நீட்டியபடி விழுந்தால் போதும், மற்றதைத் தரை பார்த்துக்கொள்ளும். ஆணி வீரனுக்கு அது ஒவ்வொரு முறையும் புதிதாக வீச வேண்டிய வீச்சு. முள்ளை நெருங்கும் கணத்தில் கீழ்ப் பட்டனோடு அடிக்கும் பட்டனையும் தட்ட வேண்டும். சீக்கிரம் தட்டினால் வீச்சு காற்றில் போகும், தாமதித்தால் உடம்பு முள்ளில் விழும். தொடர்ந்து துள்ளிப் போக வேண்டிய இடங்களில் இது தாளம் ஆகிவிடுகிறது. வெள்ளை அரண்மனை என்ற பகுதியில் சுழலும் ரம்பச் சக்கரங்களை ஒவ்வொன்றாக அடித்து அடித்துக் கடக்கும்போது, கண் சக்கரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு விரல் எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ளும். எண்ணிக்கை தப்பினால் உயிரைக் குறிக்கும் முகமூடிகளில் ஒன்று போய்விடும். கடைசியாகப் பத்திரமாக நின்ற இடத்துக்குத் திரும்ப வேண்டும்.

இதை யாரும் சொல்லித் தருவதில்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது. மிடோவில் ஒரு குரு இருந்தார். இங்கே குருவே இல்லை. யாரோ ஒருவர் முட்களின்மேல் விழப்போகிற பதற்றத்தில் ஆணியை வீசி, அடிபடாமல் மேலே எழும்பி, அப்படியானால் இதுவும் தரைதான் என்று தாமே கண்டுபிடிக்கிறார். அதன்பின் அந்த ராஜ்யத்தில் எந்த முள்ளையும் அவர் பழைய கண்ணால் பார்ப்பதில்லை. இப்போது போக வேண்டாம் என்று கேம் ஒதுக்கிவைத்த இடங்களுக்கும் சிலர் இப்படியே துள்ளித் துள்ளிப் போய்விட்டார்கள்.

அந்த கிக்ஸ்டார்ட்டரில் கொடுத்த வாக்குறுதிகளில் ஒன்று, ஹார்னெட் என்ற பாத்திரத்தையும் ஆடக் கொடுப்போம் என்பது. கூடுதல் பகுதியாகத் தொடங்கியது வளர்ந்து 2019 பிப்ரவரியில் ‘சில்க்சாங்’ என்ற தனி கேமாக அறிவிக்கப்பட்டது. வெளிவந்தது 2025 செப்டம்பர் 4. வெளியான நேரத்தில் கூட்டம் தாங்காமல் ஸ்டீம் உள்ளிட்ட ஆன்லைன் கடைகள் தடுமாறி நின்றன. மூன்று பேரை மையமாகக் கொண்ட குழுவின் கேமுக்கு இது நடந்தது.

ஹார்னெட்டின் ஆயுதம் ஊசி, கூடவே பட்டுநூல். முந்தைய வீரனைவிட உயரம், வேகமும் அதிகம். கீழ்க்குத்து? தொடக்கத்தில் அவளுக்கு நேர்க்குத்து கிடையாது. கீழ்ப் பட்டனோடு அடித்தால் முகம் பார்த்திருக்கும் பக்கமாகச் சாய்கோணத்தில் பாய்கிறாள். முப்பத்தெட்டு ஆண்டுகளாகச் செங்குத்தாக இருந்த கோடு சாய்ந்துவிட்டது.

எண்ணிப் பார்த்தால் இது சின்ன மாற்றம். கையில் அப்படி இல்லை. இதுவரை எதைக் குத்த வேண்டுமோ அதற்கு நேர் மேலே போய் நின்றால் போதும். இப்போது எவ்வளவு உயரத்தில் இருக்கிறோமோ கிட்டத்தட்ட அவ்வளவு தூரம் பின்னால் தள்ளி நிற்க வேண்டும். ஆரம்பத்திலேயே எட்டிப்பார்க்கக்கூடிய ஹன்டர்ஸ் மார்ச் என்ற எறும்புகளின் பகுதியில் இதற்கான சோதனை வைத்திருக்கிறார்கள். கீழே முட்கள், மேலே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிவப்பு உருண்டைகள். ஓர் உருண்டையில் ஊசி பட்டதும் ஹார்னெட் சுருண்டு மேலே எழும்புவாள். அந்த ஒரு கணத்துக்குள் அடுத்த உருண்டைக்கும் தனக்கும் இடையே உள்ள சாய்கோட்டை மனத்தில் வரைந்துவிட வேண்டும். உருண்டை காலுக்கு நேர் கீழே வந்துவிட்டால் குத்தவே முடியாது. சற்றுப் பின்வாங்கி, திரும்பி, பாய வேண்டும். பழைய கேமில் தாளமாக இருந்தது இங்கே வடிவியல் ஆகிவிட்டது.

பலருக்கு இது கோபத்தை உண்டாக்கியது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒன்றை ஏன் மாற்ற வேண்டும் என்றார்கள். அந்த எரிச்சல் எனக்குப் புரிகிறது. ஆனாலும் டீம் செர்ரி எடுத்த முடிவு சரியென்றே நினைக்கிறேன். முதல் கேமில் ஹார்னெட் நம் எதிரி. க்ரீன்பாத் காட்டில் அவளோடு மோதியவர்களுக்கு நினைவிருக்கும்: தாவி எழுந்து, அந்தரத்தில் ஒரு கணம் நின்று, நாம் நிற்கும் இடம் பார்த்துச் சாய்வாகப் பாய்வாள். அந்தப் பாய்ச்சலிலிருந்து தப்பப் பழகித்தான் அவளை வென்றோம். இப்போது அதே பாய்ச்சலை நம் கையில் கொடுத்திருக்கிறார்கள். அவளுக்கு ஆணி வீரனின் நேர்க்குத்தைக் கொடுத்திருந்தால், உடை மாற்றிய பழைய வீரனாகத்தான் இருந்திருப்பாள்.

குத்து சாய்ந்ததால் இன்னொரு நன்மையும் விளைந்தது. முந்தையவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் மேலும் கீழுமாகத் துள்ளுவார்கள். முன்னே போவது தனி வேலை. ஹார்னெட்டுக்குக் குத்துவதே முன்னே போவதுதான். ஒரு பாஸோடு சண்டையிடும்போது, அதன் முதுகில் குத்தி எழும்பி அந்தப் பக்கம் போய், திரும்பி மறுபடி குத்தி இந்தப் பக்கம் வருவது, துணியில் ஊசி கோத்துக்கொண்டே போவது மாதிரி இருக்கும்.

நேர்க்குத்து வேண்டும் என்பவர்களையும் அவர்கள் கைவிடவில்லை. க்ரெஸ்ட் என்ற சின்னங்களை மாற்றினால் ஹார்னெட்டின் தாக்கும் முறையே மாறும். அவற்றில் வாண்டரர் க்ரெஸ்ட்டை மாட்டிக்கொண்டால் ஊசி செங்குத்தாகக் கீழே வீசும், பழைய ஆணியைப் போலவே. நான் கொஞ்ச காலம் அதோடு அலைந்தேன். சுகமாகத்தான் இருந்தது, முட்களெல்லாம் பழைய ஊர்க்காரர்கள்போல் தெரிந்தன. பிறகு அந்த உலகின் உச்சியிலுள்ள கோட்டையை நோக்கி ஏறுவதற்கு முன்னால், வழியிலிருந்த பெஞ்ச் ஒன்றில் உட்கார்ந்து, தொடக்கத்தில் இருந்த ஹன்டர் க்ரெஸ்ட்டையே மறுபடி மாட்டிக்கொண்டேன். ஹார்னெட் சாய்ந்துதான் பாய வேண்டும்.